ஓதம் ஏறிய சுவர்

ஆரணியில் தறி ஓடும் தெருக்களில் வீட்டுச் சுவரை எவரும் அழகுக்காக வைத்துக்கொண்டதில்லை. அது உழைக்கும் சுவர். பாவைக் கட்டுவதற்கு அதில் முளை அடித்திருக்கும். நூற்கண்டுகள் தொங்க ஆணிகள் இருக்கும். எந்தத் தேதியில் பாவு வந்தது, எந்தச் சேலைக்கு எவ்வளவு முன்பணம் வாங்கியது என்னும் கணக்குகள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். எங்கள் வீட்டைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் இவற்றுக்கு நடுவே திரு இருதய ஆண்டவர் படம் இருக்கும். படத்தின் பின்னால், குருத்து ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலைச் சிலுவை செருகியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில், இவை அனைத்தையும் இறக்கி வைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடிப்போம். நீற்றிய சுண்ணாம்பில் சிறிது வச்சிரமும் நீலமும் கலந்து, பனைமட்டையால் அடிக்கும் அந்த வேலையில் வீட்டில் எல்லாருக்கும் பங்குண்டு. மட்டை ஏறினால் சுவரிலிருந்த கணக்கு மறைந்துபோகும். அதற்கு முன்பாக என் தாயார் அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எடுத்தெழுதிக்கொள்வார். என் தந்தையார் தறியில் உட்கார்ந்திருந்த காலம் வரை இந்த வழக்கம் தவறியதில்லை.

அதே வீட்டில்தான் நானும் என் குடும்பமும் இன்றும் வாழ்கிறோம். தந்தையாரின் மறைவோடு தறி நின்றது. குழித்தறி இருந்த குழியை மண்ணும் கல்லும் இட்டு மூடித் தளம் போட்டோம். நான் பள்ளி ஆசிரியனாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், என் மூத்த மகளைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தார் வருவதாகச் செய்தி வந்தது. கூடத்தின் மேற்குச் சுவர் மூடிய தறிக்குழியை ஒட்டியது. காற்று வறண்டால் இழை அறுந்துவிடும் என்பதால் தறிக்குழியின் குளிர்ச்சியை நெசவாளர் விரும்புவர். தந்தையாரின் இழையைக் காத்த அந்த ஈரம், குழியை மூடிய பிறகு போக வழியின்றிச் சுவரில் ஏறியது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குச் சுவர் உப்பரித்துக் கிடந்தது. காரை பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. வண்ணம் அடித்துப் பார்த்தோம். சில மாதங்கூடத் தாங்கவில்லை. ஆகவே, வால்பேப்பர் என்று இப்போது சிறு நகரங்களிலும் விற்கப்படும் சுவர்த்தாளை நானே வாங்கி ஒட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. அறுபது வயதுக்கு மேல் ஒரு புதிய வேலையைக் கற்றுக்கொள்ளும் ஆசையும் எனக்கு இருந்தது.

ஒரு சுருள் ஒன்றே முக்கால் அடி அகலம், ஏறத்தாழ முப்பத்துமூன்று அடி நீளம். 57 சதுர அடிக்கு வரும். பன்னிரண்டு அடி அகலமும் பத்தடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும் உள்ள என் சுவருக்கு மூன்று சுருள் வாங்கினேன். இளம்பச்சை நிலத்தில் இலைக்கொடி படர்ந்த தாள். உடன் தந்த குறிப்பில் முதல் விதி, சுவர் உலர்ந்தும் தூய்மையாகவும் சமமாகவும் இருக்க வேண்டும் என்பது. அதைப் படித்தேன். படித்துவிட்டு இரண்டாம் விதிக்குச் சென்றுவிட்டேன்.

இரண்டாம் விதி எனக்குப் பிடித்திருந்தது. முதல் தாளை ஒட்டும்போது சுவரின் மூலையையோ கதவின் நிலையையோ நம்பக்கூடாது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது காட்டும் கோட்டைப் பென்சிலால் வரைந்து, அதற்கு இணையாகவே ஒட்ட வேண்டும். மூலையில் உள்ள கோணல் முதல் தாளில் தெரியாது. ஐந்தாவது ஆறாவது தாளில் கொடி முழுவதும் சாய்ந்து நிற்கும். தெருவில் உள்ள கொத்தனாரிடம் குண்டை இரவல் வாங்கி வந்து தொங்கவிட்டேன். என் பாட்டனார் கண்ணளவில் எழுப்பிய சுவர், மேலிருந்து கீழே வருவதற்குள் ஒரு விரற்கடைக்கு மேல் விலகியிருந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் நான் எழுத்துக் கற்றேன். அது கோணல் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. இறைவாக்கினர் ஆமோஸ் கண்ட காட்சி ஒன்றில், ஆண்டவர் தூக்குக்குண்டைக் கையில் பிடித்தபடி ஒரு சுவரருகே நிற்கிறார். அந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை வாசித்திருந்தும், குண்டைக் கையில் பிடித்த பின்னரே அதன் அச்சம் எனக்குப் புரிந்தது. குண்டு யாரையும் ஏசுவதில்லை. பேசாமல் தொங்குகிறது.

தாளின் முதுகில் பசை தடவி, சற்று ஊறவிட்டு, மடித்துத் தூக்கி, மேலிருந்து கீழாக விட வேண்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி மென்மையான தூரிகையால் நீவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். முதல் தாள் என் தலைமேல் விழுந்தது. இரண்டாவதை என் துணைவியார் நாற்காலிமேல் ஏறிப் பிடித்துக்கொண்டார். பெட்டியில் வந்த பசை தீர்ந்தபின், சினிமா சுவரொட்டிக்குக் காய்ச்சுவதுபோல் மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் சேர்த்துக்கொண்டேன். ஒரு தாளின் ஓரத்தில் பாதியாக நிற்கும் இலை, அடுத்த தாளின் ஓரத்திலுள்ள மறுபாதியோடு இம்மியும் பிசகாமல் சேர வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வீட்டு அண்ணன், ஐம்பது ஆண்டுகளாகத் தறியில் உட்கார்ந்தவர், சிரித்தார். பட்டுச் சேலையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் இழைக்கு இழை பிணைப்பதைக் கோர்வை என்பார்கள். “கோர்வை தப்பினா சேலையே போச்சு வாத்தியாரே. இது தப்பினா கிழிச்சுட்டு வேற ஒட்டலாம்” என்றார். பிறகு அவர் பார்வை சுவரின் அடிப்பகுதிக்குச் சென்றது.

“உப்பு ஏறின சுவத்து மேலேயே ஒட்டறீங்களே, சுரண்ட வேணாமா?”

“அவங்க ஞாயித்துக்கிழமை வராங்க, அண்ணே.”

“அப்ப சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை மாலை ஏழு தாளும் ஒட்டி முடிந்தன. கூடம் வேறு வீடுபோல் தோன்றியது. திரு இருதய ஆண்டவர் படத்தை மீண்டும் மாட்டப் புதிய தாளில் ஆணி அடிக்க வேண்டும். என் துணைவியாருக்கு மனம் வரவில்லை. ஆண்டவர் அலமாரிமேல் சாய்ந்து நின்றார்.

சுவர்த்தாளின் வரலாறு பட்டு நெய்யும் ஊரார் அறிந்துகொள்ளத் தக்கது. ஐரோப்பியச் செல்வர்கள் தங்கள் மாளிகைச் சுவர்களில் பட்டையும் வெல்வெட்டையும் தொங்கவிட்டார்கள். அதற்கு வசதியில்லாதவர்களுக்காகவே, பதினேழாம் நூற்றாண்டில், கம்பளித் தூளைத் தாளில் ஒட்டி வெல்வெட்டைப் போலத் தோன்றச் செய்யும் கலை பரவியது. தாள் அங்கே பட்டின் வேடத்தைப் போட்டுக்கொண்டது. இங்கிலாந்தில் 1712இல் அதற்கு வரி விதித்தார்கள். 1836இல்தான் அந்த வரி நீங்கியது. பின்னர், ஷீலே என்னும் வேதியியலாளர் 1775இல் கண்டுபிடித்த பச்சைச் சாயமும் அவ்வகைப் பிற பச்சைகளும் சுவர்த்தாளில் ஏராளமாகப் பயன்பட்டன. அந்தப் பச்சையில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருந்தது. ஈரச் சுவரில் ஒட்டிய தாளின் பின்னே பசையைத் தின்று வளரும் பூஞ்சணம், அந்த நஞ்சை வாயுவாக மாற்றி அறையில் கலக்கவிடும் என்பதை, 1890களில் கோசியோ என்னும் இத்தாலிய மருத்துவர் சோதனைகளால் காட்டினார். அழகிய பச்சை அறைகளில் உறங்கியவர்கள் காரணம் தெரியாமல் நோயுற்றதைப் படித்தபோது, என் தாளின் நிறமும் பச்சை என்பது சற்று உறுத்தியது. இன்றைய சாயங்களில் அந்த நஞ்சு கிடையாது. ஆனால் ஈரமும் பூஞ்சணமும் அன்றிருந்தபடியே இருக்கின்றன.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஒன்றின்மேல் ஒன்றை மூடுவது எப்போது பொய்யாகிறது?

மூடுவது அனைத்தும் பொய் என்று சொல்ல எங்கள் ஊர்க்காரரால் முடியாது. ஜரிகையையே எடுத்துக்கொள்வோம். உள்ளே சிவப்புப் பட்டிழை; அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும்; வெள்ளியின்மேல் பொன் முலாம். சேலை முழுவதும் பொன்னால் ஆனது என்று நினைத்து எவரும் வாங்குவதில்லை. நெய்தவருக்கும் தெரியும், உடுத்துபவருக்கும் தெரியும். செம்புக் கம்பிக்கு முலாம் பூசிக்கூட ஜரிகை செய்கிறார்கள். இன்னது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. அதையே அசல் வெள்ளி என்று சொல்லிக் கைமாற்றும்போதுதான் பாவம் பிறக்கிறது. சுவர்த்தாளும் அவ்வாறே. தாளுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது என்பதை அறியாத விருந்தாளி கிடையாது. ஓதம் இருப்பதை மட்டுமே நான் மறைத்தேன்.

வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் பகுதி அது. அதன் பின்னணியில் உள்ள ஒரு வழக்கத்தை நான் பிந்தியே அறிந்தேன். யூத மரபைத் தொகுத்துரைக்கும் மிஷ்னா, பாஸ்காவுக்கு ஒரு மாதம் முன்னதாகக் கல்லறைகளுக்கு அடையாளமிடும் பணியைக் குறிப்பிடுகிறது. திருப்பயணமாக வருவோர் தெரியாமல் கல்லறையை மிதித்துத் தீட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சுண்ணாம்பு தெளித்தார்கள். ஆகவே அந்த வெண்மை ஓர் எச்சரிக்கை. உள்ளே பிணம் இருக்கிறது, விலகிப் போ என்று அது வழிப்போக்கருக்குச் சொன்னது. ஆண்டவர் அதே வெண்மையை எடுத்து, உள்ளிருப்பதைச் சொல்லாமல் வெளியழகை மட்டும் காட்டும் மனிதர்மேல் திருப்பினார் என்று எண்ணும்போது அந்தச் சொல்லின் கூர்மை இன்னும் மிகுகிறது. எசேக்கியேல் நூலின் 13ஆம் அதிகாரத்தில் வருவது வேறொரு சுவர். மக்கள் வலுவற்ற சுவரை எழுப்புகிறார்கள். போலி இறைவாக்கினர் அதற்குச் சுண்ணாம்பு பூசுகிறார்கள். மழையும் கல்மழையும் புயலும் வந்து அதன் அடித்தளத்தையே வெளிக்காட்டுகின்றன. சுவர் விழுவதைவிட, வலுவாக இருக்கிறது என்று நம்பி அதனடியில் மக்கள் உறங்கச் சென்றதே அங்கே பெரிய துயரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சனிக்கிழமை இரவு இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். சுவர் ஒரு சாக்கு என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. என் மகளுக்குச் சிறு வயதில் ஒரு நோய் இருந்தது. சில ஆண்டுகள் மருந்து உட்கொண்டாள்; பின்னர் மருந்து தேவையில்லை என்று மருத்துவரே நிறுத்திவிட்டார். இன்று அவள் முழு நலத்துடன் பணிக்குச் சென்று வருகிறாள். அது என்ன நோய் என்பதை நான் எழுதவில்லை. காரணம் பின்னர் விளங்கும். வருபவர்களிடம் அதைச் சொல்வதா, விடுவதா என்பதே என்னை உறங்கவிடாத கேள்வி. சொல்லாமல் முடித்த திருமணங்கள் முறிந்து, பெற்ற வீட்டுக்கே திரும்பி வந்த பெண்களை இவ்வூரில் நான் அறிவேன். அவர்களில் ஒருத்தி என் மாணவி. சொன்னதனாலேயே திருமணம் கூடாமற்போன பெண்களையும் அறிவேன்.

ஞாயிறு மாலை ஏழு பேர் வந்தார்கள். பண்புள்ள குடும்பம். மாப்பிள்ளைப் பையனின் தாய்மாமன் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சுவரு ரொம்ப நல்லா இருக்குங்க, புது வீடு மாதிரி” என்றார். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. “இல்லைங்க ஐயா, அடியில் ஓதம் இருக்கு, நீங்க வரீங்கன்னுதான் தாள் ஒட்டினேன்” என்றேன். அவர்கள் சிரித்தார்கள், அத்துடன் நிறுத்தியிருக்கலாம். உண்மை சொல்லத் தொடங்கியவனுக்கு ஒருவகைப் போதை உண்டாகிறது. மறைக்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை என்று தொடங்கி, மகளின் பழைய நோயையும், மருந்து உண்ட ஆண்டுகளையும், மருத்துவர் சொன்னதையும் அந்த ஏழு பேர் முன்னிலையில் சொல்லி முடித்தேன். அவள் காப்பித் தட்டுடன் உள்வாசலில் நின்றிருந்தாள்.

அவர்கள் பலகாரம் உண்டார்கள். என் நேர்மையைப் பாராட்டினார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று விடைபெற்றார்கள். செய்தி எதுவும் வரவில்லை.

இரவில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே என் மகள் சொன்னாள்: “அப்பா, பொய் சொல்லணும்னு நான் கேக்கலை. அது என்னோட விஷயம். அவர்கிட்ட தனியா பேசறப்போ நானே சொல்றதா இருந்தேன். என்னைக் கேக்காம ஏழு பேர் முன்னாடி ஏன் சொன்னீங்க?”

நான் விடை சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் பங்குத் தந்தையிடம் சென்றேன். உண்மையைச் சொன்னால், அவர் என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தே சென்றேன். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1098ஆம் எண் எனக்குத் துணை நின்றது. இல்லற உறவைப் பெரிதும் குலைக்கத்தக்க ஒரு தன்மையை, சம்மதம் பெறுவதற்காகவே வஞ்சகமாக மறைத்து, அதனால் ஏமாந்து ஒருவர் திருமணம் செய்துகொண்டால் அத்திருமணம் செல்லாது என்பது அதன் கருத்து. குணமாகிவிட்ட ஒரு நோய் அத்தகைய தன்மையாகுமா என்பது வேறு கேள்வி. தந்தை அதற்குள் செல்லவில்லை. “ஏமாறக் கூடாதவர் என்று சட்டம் யாரைச் சொல்லுகிறது?” என்று மட்டும் கேட்டார். திருமணம் செய்துகொள்பவரை. தாய்மாமனைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றுமில்லை.

வீடு திரும்பும் வழியில் என் தவறு எனக்கு முழு உருவில் தெரிந்தது. என் சுவர் என்னுடையது. அதன் ஓதத்தை நான் சுரண்டிக் காட்டியிருக்கலாம், அதை மூடினேன். என் மகளின் உடல் அவளுடையது. அதை மூடி வைக்கவும் திறந்து காட்டவும் அவளுக்கே உரிமை, அதை நான் திறந்தேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தன. முன்னதைச் செய்ததால் ஏற்பட்ட உறுத்தலைப் பின்னதைச் செய்து தீர்த்துக்கொண்டேன் என்பதுதான் கசப்பான பகுதி. உண்மை பேசியதால் எனக்கு நிம்மதி கிடைத்தது; அதன் விலையை அவள் கொடுத்தாள்.

1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உண்மையை வெளியிடும் உரிமை வரம்பற்றதன்று என்று கற்பிப்பதை (எண் 2488, 2489) நான் முன்பு சரியாகக் கவனித்ததில்லை. அதை அறிய உரிமையில்லாதவரிடம் உண்மையைச் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அன்பும் உண்மையின்மேல் உள்ள மதிப்பும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும். நம் கோயில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் வழக்கத்திலும் இந்த அளவு இருக்கிறது. திருமணத்துக்குத் தடை எதுவும் அறிந்தவர் தெரிவிக்க வேண்டும் என்று திருச்சபை ஊரறியக் கேட்கிறது. மணமக்களின் குறைகள் அனைத்தையும் வந்து சொல்லுங்கள் என்று அது கேட்பதில்லை. அப்படிக் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேருக்குத் திருமணம் நடந்திருக்கும்!

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை அப்போது மீண்டும் எடுத்து வாசித்தேன். அதில் வீட்டுச் சுவருக்குத் தொற்று வருவதைப் பற்றி ஒரு சட்டம் உண்டு. பச்சை அல்லது சிவப்பு நிறத்தில் சுவரில் குழிவுகள் தோன்றினால் குரு வந்து பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைக்க வேண்டும். பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் இட வேண்டும். அதன் பின்னும் திரும்பி வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும். சுரண்டிய பிறகே பூச்சு என்னும் ஒழுங்கு எங்கள் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான். என்னை நிறுத்தியவை வேறு இரண்டு செய்திகள். வீட்டில் ஏதோ இருக்கிறது என்று குருவிடம் போய்ச் சொல்பவர் வீட்டுக்கு உரியவர். அண்டை வீட்டார் போய்ச் சொல்வதாக அங்கே எழுதப்படவில்லை. மேலும், குரு உள்ளே நுழையுமுன் வீட்டிலுள்ள பொருள்களை எல்லாம் வெளியே எடுத்துவிடச் சொல்கிறார். அவர் பார்த்துவிட்டால் அவையும் தீட்டாகிவிடும். சட்டம் கண்டிப்பானது, ஆயினும் சட்டியையும் பாயையும் காப்பாற்றிக்கொள்ள வீட்டுக்காரருக்கு அவகாசம் தந்துவிட்டுத்தான் சோதனைக்கு வருகிறது. நான் என் மகளுக்கு அந்த அவகாசத்தைத் தரவில்லை. உரியவளை உள்வாசலில் நிறுத்திவிட்டு, அண்டை வீட்டாராக நானே போய்ச் சொன்னேன்.

தொடக்க நூலில் நோவாவின் மைந்தர் இருவர் போர்வையைத் தோளில் இட்டுப் பின்புறமாக நடந்து சென்று தந்தையை மூடிய செய்தியும் நினைவுக்கு வந்தது. நோயுற்றிருந்த ஒருத்தியை மதுமயக்கத்தில் கிடந்தவரோடு ஒப்பிடுவது பொருந்தாது. நோயில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த மைந்தர் நடந்த விதம்தான் என்னைத் தொட்டது. மூடுவதற்காகக்கூட அவர்கள் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் என் மனம் முழுதும் தெளிந்துவிடவில்லை என்பதை வாசகர்களிடம் ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டில் திருமணம் இரு மனிதரோடு முடிவதில்லை. தாய்மாமனும் அத்தையும் நாளை அவளோடு வாழப்போகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை என்று சட்ட எண்ணைக் காட்டிச் சொல்லிவிட முடியுமா? அவள் மாப்பிள்ளையிடம் தனியே சொல்லியிருந்தால், அவர் ஏற்றுக்கொண்டு, பின்னர் குடும்பத்தார் அறிந்தபோது, எங்களை ஏமாற்றினீர்கள் என்று அவளைத்தானே கேட்டிருப்பார்கள்? இதை அவளிடமே சொன்னேன். “அப்போ அது என் பாடு” என்றாள். இன்னொன்றையும் கேட்டாள்: அந்த வீட்டாரிடம் அவர்கள் மகனின் உடல்நலம் பற்றி நீங்கள் ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பெண்ணைப் பெற்றவன் சொல்லவும், ஆணைப் பெற்றவர் கேட்கவும் இருக்கிறோம் என்னும் ஏற்பாட்டை, மறைக்கல்வி வகுப்பில் மனித மாண்பைப் பற்றி முப்பது ஆண்டுகள் பேசிய நானும் எந்தக் கேள்வியுமின்றி ஏற்றிருந்தேன்.

ஐப்பசி மழையில் தாளின் அடி உப்பிக்கொண்டது. முதலில் ஓர் இலை அளவு. பிறகு கை அளவு. கூடத்தில் புளித்த மாவின் வாடை வீசியது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது தாள் எளிதாகக் கழன்று வந்தது. அதன் முதுகில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணமும், சுவரில் பஞ்சுபோல் வெள்ளை உப்பும் இருந்தன. நான் சேர்த்த மயில்துத்தம் பூச்சியைத் தடுத்ததோ என்னவோ, ஈரத்தை ஒன்றும் செய்யவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும். உள்ளே வரும் ஈரம் வெளியேறிக் காயும். வினைல் பூசிய தாள் அந்த மூச்சை அடைத்துவிட்டது. முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இரண்டே மாதத்தில் இடுப்புக்கு ஏறியிருந்தது.

பக்கத்து வீட்டு அண்ணன் சுரண்டியோடு வந்தார். நான் முன்பு அவர் சொல்லைக் கேட்கவில்லை என்பதை அவர் நினைவூட்டவில்லை. மூன்றடி உயரத்துக்குக் காரையைப் பெயர்த்துச் செங்கல் தெரியும்வரை சுரண்டினோம். இரண்டு நாள் ஆயிற்று. மூக்கிலும் வாயிலும் உப்புக் கரித்தது. அப்படியே காய விட்டோம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்தவர்கள் செங்கல் தெரிந்த சுவரையே பார்த்தார்கள். சிலர் கேட்டார்கள், ஓதம் என்றேன். அவர்கள் வீட்டுச் சுவரைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். பொங்கலுக்குப் பிறகு கொத்தனார் சுண்ணாம்புக் காரை பூசினார், அதன்மேல் வெள்ளையடித்தோம். ஓதம் முழுவதும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கறை தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். திரு இருதய ஆண்டவர் படம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது.

இக்கட்டுரையை அனுப்புமுன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். பென்சிலை எடுத்து, நோயின் பெயரையும் அது வந்த வயதையும் அடித்தாள். அன்றிரவு அவள் பேசியதாக நான் எழுதியிருந்ததைத் திருத்தி, தான் பேசியபடி எழுதினாள். மூன்றாவது சுருளில் பெரும்பகுதி மிஞ்சியிருந்தது. அதைத் தன் அலமாரிக் கதவின் உட்புறம் தானே ஒட்டியிருக்கிறாள். கொடி தலைகீழாகப் படர்கிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை.